நிரல் எல்லோருக்கும் சொந்தம். பெயர் யாருக்குச் சொந்தம்?

கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டம் ஒன்றில் நடக்கும் டியூஷன் வகுப்புக்கு ஐந்து பழைய மடிக்கணினிகள் கிடைத்தன. விண்டோஸ் ஏற்றினால் அவை திணறின. பல்கலைக்கழக நண்பர்கள் மூவர் சேர்ந்து, இலவசமாகக் கிடைக்கும் பிரபலமான ஒரு லினக்ஸ் இயங்குதளத்தை எடுத்தோம். தேவையற்ற செயலிகளை நீக்கினோம். தமிழ் எழுத்துருக்கள், தமிழ் விசைப்பலகை, கணிதப் பயிற்சிகள் ஆகியவற்றைச் சேர்த்தோம். மூலப் பெயருக்குப் பின்னால் 'தமிழ்' என்ற சொல்லை ஒட்டினோம். அதன் சின்னத்தையும் அப்படியே முகப்பில் விட்டுவைத்தோம். பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து வந்த ஒரு புதுப்பித்தலுக்குப் பிறகு தமிழ் விசைப்பலகை வேலை செய்யவில்லை. நாங்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்த்த ஒரு நிரல்தான் காரணம். ஆனால், வகுப்பு ஆசிரியைக்கு அது எப்படித் தெரியும்? முகப்பில் இருந்த பெயரை நம்பி, அந்த லினக்ஸின் உதவிப் பக்கத்தில் தேடியிருக்கிறார். அங்கே சொன்ன எதுவும் எங்கள் கணினிகளுக்குப் பொருந்தவில்லை. "இந்த லினக்ஸே சரியில்லை, தம்பி" என்று சொல்லிவிட்டார். தவறு எங்களுடையது, கெட்ட பெயரோ இன்னொருவருக்கு!

அதன் பிறகுதான் பெயர் பற்றிய விதிகளைத் தேடிப் படித்தேன்.

இரண்டு வேறு உரிமைகள்

திறந்த மூல மென்பொருளின் நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்கும் தரலாம். இதை அனுமதிப்பது பதிப்புரிமை சார்ந்த உரிமம். பெயரும் சின்னமும் வேறு கணக்கு. அவை வணிக முத்திரைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பக்கத்து வீட்டு அத்தை மீன் கறியின் பக்குவத்தைச் சொல்லித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாம் சமைக்கலாம், இரவுச் சந்தையில் விற்கவும் செய்யலாம். ஆனால், அத்தை கடையின் பெயர்ப் பலகையை நம் கடையில் மாட்ட முடியாது.

'லினக்ஸ்' என்ற பெயருக்கே ஒரு வழக்கு நடந்திருக்கிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் அதை உருவாக்கினார். பெயரைப் பதிவு செய்யவில்லை. 1994இல் அமெரிக்காவில் வேறொருவர் அந்தப் பெயருக்கு விண்ணப்பித்து, தம் பெயரில் பதிவும் பெற்றார். பின்னர் லினக்ஸ் விற்றவர்களிடம் வருமானத்தில் 10 விழுக்காடு கேட்டார். சட்டப் போராட்டத்திற்குப் பிறகு 1997இல்தான் அந்த உரிமை டோர்வால்ட்ஸ் கைக்கு வந்தது.

பயர்பாக்ஸ் உலாவியின் கதையும் சுவையானது. டெபியன் குழுவினர் அதில் சில மாற்றங்களைச் செய்து வெளியிட்டு வந்தனர். மாற்றிய பதிப்புக்குத் தன் ஒப்புதலும் அதிகாரப்பூர்வச் சின்னமும் இல்லாமல் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்றது மொசில்லா. டெபியன் சண்டை போடவில்லை. 2006இல் 'ஐஸ்வீசல்' என்று பெயரை மாற்றிக்கொண்டது. இரு தரப்பும் உடன்பாடு கண்டு, 2016இல் பழைய பெயர் திரும்பியது.

யார் எதை அனுமதிக்கிறார்கள்?

நம் சொந்தக் கணினியில் எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பிறருக்குக் கொடுக்கும்போதுதான் விதிகள் வருகின்றன. உபுண்டுவை மாற்றி அதே பெயரில் வழங்க கனோனிக்கல் நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். இல்லையேல் பெயரையும் சின்னங்களையும் நீக்கிவிட வேண்டும். பெடோரா ஒரு நடுவழி வைத்திருக்கிறது. அதன் மென்பொருளோடு வேறு மென்பொருளைக் கலந்து தருபவர்கள் 'பெடோரா ரீமிக்ஸ்' என்று குறிப்பிடலாம். இலங்கையில் உருவான 'ஹந்தானை லினக்ஸ்' அப்படி வந்த ஒன்று. கண்டி அருகிலுள்ள மலைத்தொடரின் பெயர் அதற்கு.

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு சென்னையில் இருக்கிறது. சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட 'பாஸ் லினக்ஸ்' டெபியனை அடிப்படையாகக் கொண்டது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் இயங்குகிறது. பள்ளிகளுக்கென்று 'எடுபாஸ்' என்ற பதிப்பும் உண்டு. அடித்தளம் டெபியன் என்பதை மறைக்கவில்லை. அதே நேரத்தில் டெபியன் என்ற பெயரைச் சூடிக்கொள்ளவும் இல்லை. "இன்னதை அடிப்படையாகக் கொண்டது" என்று உண்மையைச் சொல்வதற்குத் தடை இல்லை. "நாங்களே அவர்கள்" என்று நினைக்க வைப்பதுதான் தவறு.

எங்கெல்லாம் மாற்ற வேண்டும்?

சுவர்ப்படத்தை மாற்றினால் போதாது. கணினி தொடங்கும்போது தோன்றும் படம், நிறுவும் திரை, சின்னங்கள் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். 'ஓஎஸ்-ரிலீஸ்' என்ற சிறிய கோப்பு மிக முக்கியம். இயங்குதளத்தின் பெயர், எதிலிருந்து பிறந்தது, உதவி முகவரி, பிழையை யாரிடம் சொல்வது என்பதெல்லாம் அதில் இருக்கும். எங்கள் கணினிகளில் அந்த முகவரிகளை நாங்கள் தொடவே இல்லை. ஆசிரியை வழி தவறியதற்கு அதுவும் காரணம்.

புதுப் பெயர் வைக்கும்போதும் கவனம் தேவை. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு வணிக முத்திரைச் சட்டம் நடப்பில் உள்ளது. ஒரு பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தின் இணையத் தரவில் அந்தப் பெயரை ஏற்கெனவே யாரேனும் பதிந்திருக்கிறார்களா என்று தேடிப் பார்ப்பது நல்லது.

நாங்கள் ஐந்து கணினிகளையும் மீண்டும் சரிசெய்தோம். கம்போங் குவாந்தான் ஆற்றோரத்து மின்மினிகளை நினைத்து, 'மின்மினி' என்ற பெயரை இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறோம். வகுப்பைத் தாண்டி வேறு யாருக்கும் கொடுக்குமுன் தேடிப் பார்த்து முடிவு செய்வோம். முகப்பின் கீழே எங்கள் தொலைபேசி எண் இருக்கிறது. போன வாரம் அச்சுப்பொறி ஓடவில்லை என்று ஆசிரியை நேராக எங்களையே அழைத்தார்.

மாணவர்களே, திறந்த மூலம் நமக்குக் கொடுத்திருப்பது பெரிய சுதந்திரம். எடுத்துச் செய்யுங்கள், தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழில் கொடுங்கள். ஆனால், உங்கள் பெயரில் கொடுங்கள். பாராட்டு வந்தாலும் பழி வந்தாலும், அது வந்து சேர வேண்டிய வீடு எதுவென்று ஊருக்குத் தெரிய வேண்டும்.