கணித ஒலிம்பியாட்: தயாராகும் வழி

சர்வதேச கணித ஒலிம்பியாட் 1959-இல் ருமேனியாவில் தொடங்கியது. இந்தியா 1989 முதல் இதில் பங்கேற்கிறது. ஒரு நாட்டிலிருந்து அதிகபட்சம் ஆறு மாணவர்கள் கலந்துகொள்ளலாம். போட்டி இரண்டு நாள் நடக்கும். நாளுக்கு மூன்று கணக்குகள், நான்கரை மணி நேரம். கணக்குக்கு 7 வீதம் மொத்தம் 42 மதிப்பெண்.

இந்திய அணிக்கான தேர்வுகளை மும்பையிலுள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் ஒருங்கிணைக்கிறது. முதல் படி ஐ.ஓ.க்யூ.எம். எனப்படும் தகுதித் தேர்வு. மூன்று மணி நேரத்தில் 30 கேள்விகள். விடைகள் முழு எண்கள். அதில் தேறியவர்கள் வட்டார ஒலிம்பியாடுக்கும், பிறகு தேசிய ஒலிம்பியாடுக்கும் செல்வார்கள். இவ்விரண்டிலும் விடை மட்டும் போதாது. அது ஏன் சரி என்று நிரூபிக்க வேண்டும். தேசிய அளவில் தேறியவர்களுக்குப் பயிற்சி முகாம் உண்டு. அங்கே நடக்கும் தேர்வுகளின் அடிப்படையில் அணி அமைகிறது.

பாடப்பரப்பு நான்கு பிரிவுகளைக் கொண்டது: இயற்கணிதம், வடிவியல், எண் கோட்பாடு, சேர்மானவியல். நுண்கணிதம் தேவையில்லை. பத்தாம் வகுப்புக் கணிதமே அடித்தளம். ஆனால் கேள்விகள் வேறு வகையானவை. ஓர் எடுத்துக்காட்டு: எந்த ஐந்து முழு எண்களை எடுத்தாலும், கூட்டுத்தொகை மூன்றால் வகுபடும்படி அவற்றுள் மூன்று எண்கள் இருக்கும் என்று நிரூபிக்க வேண்டும். மூன்றால் வகுத்தால் வரும் மீதி 0, 1, 2 ஆகியவற்றில் ஒன்றுதான். ஐந்து எண்களில் மூன்று வகை மீதியும் இருந்தால், வகைக்கு ஒன்றாக எடுத்துக் கூட்டினால் போதும். இல்லையெனில், அதிகபட்சம் இரண்டு வகை மீதிகளே இருக்கும். ஆகவே ஒரே மீதி குறைந்தது மூன்று எண்களுக்கு வரும். அம்மூன்றின் கூட்டுத்தொகை மூன்றால் வகுபடும். இதில் சூத்திரம் எதுவும் இல்லை. தெளிவான சிந்தனை மட்டுமே இருக்கிறது.

இந்தச் சிந்தனை மனப்பாடத்தால் வராது. ஒரு கணக்கோடு மணிக்கணக்கில் போராடிய பிறகே விடையைப் பார்க்க வேண்டும். சிறிய எண்களைப் போட்டுப் பார்ப்பது, படம் வரைவது, எளிய வடிவத்தை முதலில் தீர்ப்பது ஆகியவை நல்ல தொடக்கங்கள். தீர்வு கிடைத்ததும் ஒவ்வொரு படிக்கும் காரணம் காட்டி முழுமையாக எழுதி, ஆசிரியரிடமோ நண்பரிடமோ காட்டித் திருத்த வேண்டும். வட்டாரத் தேர்வில் பலர் மதிப்பெண் இழப்பது, மனத்தில் தெளிவாக இருப்பதைத் தாளில் முழுமையாக எழுதாததால்தான்.

முந்தைய ஆண்டு வினாத்தாள்களே சிறந்த பயிற்சி நூல். சென்னையை மையமாகக் கொண்ட இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் இளைய வகுப்பினருக்கும் திறனறி போட்டி நடத்துகிறது. எட்டாம் வகுப்புக்கு முன்பே அதில் பழகுவது நல்லது.

அணியில் இடம் ஆறு பேருக்குத்தான். ஆனால் கடினமான கேள்வியைக் கண்டு பின்வாங்காத பழக்கம் முயன்ற எல்லோருக்கும் கிடைக்கும். பதக்கத்தை மட்டும் எண்ணிப் பிள்ளைகளை விரட்டாமல், அவர்கள் நிதானமாக யோசிக்க நேரம் கொடுப்பதே பெற்றோரும் ஆசிரியரும் செய்யக்கூடிய பெரிய உதவி.