வேகமானி மெய் சொல்கிறதா?

மோட்டார் சைக்கிளின் வேகமானி மணிக்கு 60 கிலோமீட்டர் என்று காட்டுகிறது. அது மெய்தானா? நேரான, நெரிசலற்ற சாலையில் முள்ளை 60இலேயே நிறுத்தி ஓட்டினால், ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்லை அடைய 60 விநாடி ஆதல் வேண்டும். கடிகாரத்தைப் பின்னால் அமர்ந்தவர் பார்க்கட்டும். ஓட்டுபவர் பார்த்தல் ஆகாது. 50 விநாடியே ஆயிற்றெனில் உண்மை வேகம் 72! கற்கள் சில இடம் பெயர்ந்திருப்பதும் உண்டு. ஆதலின் 10 கற்களேனும் எண்ணுங்கள்.

பிழை எங்கேயுள்ளது என்பதைத் தூரமானியே காட்டிக் கொடுக்கும். முள்ளுள்ள வண்டிகள் பலவற்றில் முன்சக்கரத்திலிருந்து வரும் ஒரே கேபிள்தான் இரண்டையும் இயக்குகிறது. தூரமானி பற்சக்கரங்களால் எண்ணுவது. வேகமானியிலோ, சுழலும் காந்தம் ஓர் உலோகக் கிண்ணத்தைத் தொடாமலே இழுக்கிறது; மெல்லிய சுருள்வில் அதனைத் தடுக்கிறது. தூரமானி சரியாக 10 காட்ட, முள் மட்டும் தவறினால், காந்தமோ வில்லோ கெட்டிருக்கும். இரண்டும் ஒரே விகிதத்தில் மிகைத்தால் டயரை நோக்குங்கள். அளவிற் சிறிய டயர் அதே தூரத்திற்குக் கூடுதலாகச் சுழலுமன்றோ? இரண்டும் அசையாவிடின் பெரும்பாலும் கேபிள் அறுந்திருக்கும்.

முள் சற்றே மிகைத்துக் காட்டுவது குற்றமன்று. பொதுவாக அவ்வாறே அமைக்கின்றனர். காந்தம் வலுவிழந்த வேகமானியோ குறைத்துக் காட்டும். அதனைத்தான் தாமதியாது மாற்றவேண்டும்.