உஷார்! கோல் சத்தத்துக்குள்ளே நெல் பணம் போகிறது

தம்பிகளா, ஒரு நிமிடம். அப்பா அம்மாக்களும் கேளுங்கள். இங்கிலீஷ் கால்பந்து பார்க்கும் பிள்ளைகளைக் குறிவைத்து ஒரு கொள்ளை நடக்கிறது. தஞ்சாவூர், ஒரத்தநாடு, மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று எந்த ஊரும் அதற்குத் தப்பவில்லை. கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுவிட்டு அப்பா எந்தக் கணக்கில் பணம் வரும் என்று காத்திருக்கிறாரோ, அந்தக் கணக்கு வரைக்கும் கை நீண்டுவிட்டது.

ஆர்சனல், லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட் என்று உயிரை விடும் பிள்ளைகளை நான் குறை சொல்ல வரவில்லை. வல்லம் பக்கத்துக் கல்லூரி விடுதிகளில் சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்குப் போய்ப் பாருங்கள். இங்கிலாந்தில் பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு எட்டரைக்கு வரும். ஒரு போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துவிட்டு ஏழெட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். பார்த்தே இராத ஊரின் அணிக்காகக் கண் கலங்குகிற அந்த மனசு நல்ல மனசு. அதை வைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது என்பதே என் பயம்.

2024-25 பருவத்தில் இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் 20 அணிகளில் 11 அணிகளின் சட்டையில், நெஞ்சுக்கு நேராக இருந்தது பந்தயக் கம்பெனியின் பெயர். ஆர்சனல் சட்டையில் விமானக் கம்பெனி பெயரும் லிவர்பூல் சட்டையில் வங்கியின் பெயரும்தானே இருக்கிறது என்பீர்கள். எதிரணியின் நெஞ்சைப் பாருங்கள். மைதானத்தைச் சுற்றி ஓடும் மின்பலகையைப் பாருங்கள். அதில் சீன எழுத்து, வியட்நாமிய எழுத்து, தாய் எழுத்து எல்லாம் ஓடும். அரங்கில் உட்கார்ந்திருக்கும் லண்டன்காரருக்கு அது புரியாது, புரிய வேண்டியதும் இல்லை. டிவி வழியாக ஆசியாவில் பார்ப்பவருக்கான விளம்பரம் அது.

2025 மே மாதத்தில் பிரிட்டன் சூதாட்ட ஆணையம் டிஜிபி யூரோப் என்ற கம்பெனிக்கு 33 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. கம்பெனி உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பிரிட்டனை விட்டே வெளியேறியது. பல அணிகளுக்குப் பணம் கொடுத்த பந்தயத் தளங்கள் அந்த உரிமத்தின் நிழலில்தான் அங்கே ஓடின. போர்ன்மத், ஃபுல்ஹாம், நியூகாசில், வுல்வ்ஸ், பர்ன்லி அணிகளுக்கு ஆணையம் எச்சரிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. சொந்த ஊரில் உரிமம் இல்லாதவன் அந்த ஊர் அணிக்கு எதற்காகப் பணம் கொட்டுகிறான்? வாடிக்கையாளர் வேறு நாட்டில் இருக்கிறார், அதனால்தான். 2025-26 பருவத்தோடு நெஞ்சுப் பகுதியிலிருந்து இந்தப் பெயர்களை எடுத்துவிட அணிகள் 2023 ஏப்ரலில் ஒத்துக்கொண்டன. ஆனால் சட்டைக் கைக்கும் மின்பலகைக்கும் அந்த ஒப்பந்தம் பொருந்தாது. ஆகவே நிம்மதி அடைய வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கான அளவுச் சட்டையில் பந்தயக் கம்பெனி பெயர் இருக்கக் கூடாது என்று பிரிட்டனில் கட்டுப்பாடு உண்டு. இங்கே கடைத்தெருவில் தொங்கும் நகல் ஜெர்சிக்கு அந்தக் கட்டுப்பாடு யார் போட்டது? எட்டு வயதுப் பையன் அளவிலும் அந்தப் பெயர் பளிச்சென்று அச்சாகி வருகிறது. அம்மா ஆசையாக வாங்கிப் போட்டுவிடுகிறார்.

சரி, பந்தயக்காரன் போனுக்குள் எப்படி நுழைகிறான்? பிளே ஸ்டோர் வழியாக இல்லை. டெலிகிராமிலோ வாட்ஸப்பிலோ ஒரு லிங்க் வரும், அல்லது அறைத்தோழனின் அண்ணன் 'ஐடி வாங்கித் தர்றேன்' என்பான். ஐநூறு போட்டால் ஐநூறு போனஸ். முதல் வாரம் ஜெயிப்பீர்கள், பணமும் கணக்குக்கு வரும். அந்த முதல் வரவுதான் தூண்டில் புழு. யார் ஜெயிப்பார்கள் என்பதோடு பந்தயம் நின்றால் ஒரு ஆட்டத்துக்கு ஒரு பந்தயம்தான். ஆப்பில் அப்படி இல்லை. அடுத்த கார்னர் யாருக்கு, அடுத்த மஞ்சள் அட்டை யாருக்கு, அடுத்த பத்து நிமிடத்தில் கோல் விழுமா என்று 90 நிமிடமும் கை பரபரத்துக்கொண்டே இருக்கும். வார நாள் ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு ராத்திரி ஒன்றரைக்குத்தான் தொடங்கும். வீடு தூங்குகிறது, தடுக்க ஆள் இல்லை, தோற்றதை அதே ராத்திரியில் பிடித்துவிட வேண்டும் என்று வெறி வருகிறது. நள்ளிரவு 12 முதல் விடியற்காலை 5 வரை பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தமிழ்நாடு அரசு 2025-ல் தடுத்ததற்கும், சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ஏற்றதற்கும் காரணம் இந்த நேரத்தின் ஆபத்துதான்.

ஆயிரம் ரூபாய் பந்தயம் என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். 2025-26 பருவத்தில் பொது ரக நெல்லுக்கு ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். ஒரு சிப்பம் 40 கிலோ. கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக ஆயிரம் ரூபாய். நாற்று விட்டு, நட்டு, களை எடுத்து, அறுவடை மெஷினுக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுத்து, ஈரப்பதம் கூடிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் களத்தில் காயவைத்து, பனியில் தார்ப்பாய் போட்டு மூடிக் காவல் இருந்த ஒரு சிப்பம். ஒரு கார்னருக்கு ஒரு சிப்பம் போகிறது!

இதில் காலப் பொருத்தமும் கொடுமையாக அமைந்திருக்கிறது. சம்பா அறுவடை தை, மாசியில். நெல் பணம் கணக்கில் விழுவது அதையொட்டி. லீக் ஆகஸ்டில் தொடங்கி மே வரை நடக்கிறது, பிப்ரவரி, மார்ச்சில்தான் பட்டம் யாருக்கு என்று சூடு பிடிக்கும். பல வீடுகளில் அப்பாவின் கணக்குக்கு யுபிஐ போட்டுக் கொடுத்தவனே மகன்தான். பின் நம்பர் அவனுக்குத் தெரியும். மாதக்கணக்கில் காலியாகக் கிடந்த கணக்கில் திடீரென்று லட்சம் நிற்கிறது. இனி சொல்ல வேண்டியதில்லை. கூட்டுறவு சங்கத்தில் வைத்த நகையைத் திருப்ப வேண்டிய பணம் அது.

பெரிய தொகை ஜெயித்தால் எடுக்க முடியாது என்பதைப் பலர் தாமதமாகத்தான் அறிகிறார்கள். திரையில் நாற்பதாயிரம் காட்டும். எடுக்கப் போனால் 'வரி கட்டுங்கள்', 'சரிபார்ப்புக் கட்டணம் போடுங்கள்' என்று கேட்பான். கட்டினால் இன்னொன்று கேட்பான். ஒரு பைசா கட்டாதீர்கள், அந்த நாற்பதாயிரம் வெறும் எழுத்து.

அடுத்த வலை, 'மேட்ச் ஃபிக்ஸ் ஆகிடுச்சு, ரிசல்ட் எங்கிட்ட இருக்கு' என்று டிப்ஸ் விற்கும் குழுக்கள். வித்தை இதுதான்: 800 பேரில் 400 பேருக்கு இந்த அணி ஜெயிக்கும் என்றும், மற்ற 400 பேருக்கு எதிரணி என்றும் அனுப்புவான். பலித்த பாதியை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த வாரமும் அப்படியே பிரிப்பான். மூன்றாவது வாரம் முடிந்ததும் 100 பேருக்கு மூன்றுமே பலித்திருக்கும். அந்த நூறு பேரும் இவன் கடவுள் என்று சத்தியம் செய்வார்கள். அவர்களிடம்தான் பத்தாயிரம் கேட்பான்.

நிஜமாகவே ஆட்டத்தைக் கெடுத்த கும்பல்கள் இருந்ததுண்டு. 1997 நவம்பரில் வெஸ்ட்ஹாம் - கிரிஸ்டல் பேலஸ் ஆட்டத்தில் 2-2 என்று சமன் ஆனதும் மைதான விளக்குகள் அணைந்தன. அடுத்த மாதமே விம்பிள்டன் - ஆர்சனல் ஆட்டத்திலும் இரண்டாம் பாதி தொடங்கியவுடன் இருட்டு. 1999-ல் சார்ல்டன் மைதானத்தில் லிவர்பூல் ஆட்டத்துக்கு முன்பு ஆட்கள் பிடிபட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டாம் பாதி தொடங்கிய பிறகு ஆட்டம் நின்றால் அந்த நேரத்து ஸ்கோரே பந்தயத்துக்குக் கணக்கு என்பது ஆசியச் சூதாட்ட வழக்கம். தங்களுக்குத் தோதான ஸ்கோர் வந்ததும் மலேசியக் கும்பல் ஆள் வைத்து விளக்கை அணைத்தது. காவலாளிக்கே லஞ்சம் போயிருந்தது. இந்த வேலை செய்கிறவன் ஒருநாளும் டெலிகிராமில் உங்களுக்கு முன்கூட்டிச் சொல்லமாட்டான். விஷயம் தெரிந்த ஆட்டக்காரர்களுக்கே பந்தயம் தடை. பந்தயம் கட்டிய ஆட்டக்காரர் இவான் டோனிக்கு 2023 மே மாதத்தில் எட்டு மாதத் தடை, அதே ஆண்டு அக்டோபரில் சான்ட்ரோ டோனாலிக்குப் பத்து மாதம்.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பயம் தருவது வங்கிக் கணக்கு விவகாரம். இந்த ஆப்களில் பணம் போடும்போது கம்பெனி கணக்கு வராது, யாரோ ஒரு தனி மனிதரின் யுபிஐ வரும், நாளைக்கு வேறொருவர் பெயர் வரும். அவையெல்லாம் வாடகைக்கு எடுத்த கணக்குகள். 'உன் பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மட்டும் கொடு, மாசம் அஞ்சாயிரம்' என்று கல்லூரிப் பிள்ளைகளிடம் வாங்குகிறார்கள். எங்கோ ஏமாந்த ஒருவரின் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போனால், போலீஸ் முதலில் தேடி வருவது கணக்குக்கு உரியவனைத்தான். வேறு மாநில போலீஸாகவும் இருக்கலாம். கணக்கை வாடகைக்குக் கொடுக்காதவர்களுக்கும் ஆபத்து உண்டு. ஜெயித்த பணம் என்று உங்கள் கணக்குக்கு வந்தது திருட்டுப் பணமாக இருந்தால் கணக்கு முடக்கப்படும். நெல் பணம் வரும் கணக்கு முடங்கினால் அடுத்த பட்டத்துக்கு விதை, உரம் எங்கிருந்து வரும்?

மேட்சை இலவசமாகக் காட்டும் திருட்டு ஆப்களும் இந்தக் கூட்டத்தோடு சேர்ந்தவைதான். ஆட்டம் ஓடும் கட்டத்தைச் சுற்றி பந்தய விளம்பரம் இல்லாத திருட்டு லிங்க் அரிது. அதற்கும் மேலே, இன்ஸ்டால் செய்யும்போது எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். ஆட்டம் காட்டும் ஆப்புக்கு எஸ்எம்எஸ் எதற்கு? ஓடிபி எடுப்பதற்குத்தான். 2025-லிருந்து மூன்று பருவங்களுக்கு இந்தியாவில் ஒளிபரப்பு உரிமை ஜியோஸ்டாரிடம் இருக்கிறது. நாலு பேர் காசு போட்டு முறையாகப் பாருங்கள்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுங்கள். மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து பலர் அங்கே இருக்கிறார்கள், டார்மிட்டரியில் கால்பந்துதான் பேச்சு. அங்கே கால்பந்துப் பந்தயத்துக்கு அரசு அனுமதித்த இடம் சிங்கப்பூர் பூல்ஸ். அதற்கு வெளியே சட்டவிரோதமாகப் பந்தயம் கட்டினால் 2022 சட்டப்படி 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. ஏஜென்டுக்குக் கட்ட வாங்கிய கடன் அடைவதற்குள் வேலை பெர்மிட் போனால் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும்.

  

இப்போது சட்டம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டை நடத்துவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம் என்கிறது. ஆடியவரை அந்தச் சட்டம் தண்டிப்பதில்லை. தமிழ்நாட்டின் சூதாட்டத் தடைச் சட்டத்திலோ ஆடியவருக்கும் மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு மேலும் மேலும் கடன் வாங்குவதுதான் பெரிய ஆபத்து.

பெற்றோரே, பாஸ்புக்கில் இன்றைக்கே பதிவு போட்டுப் பாருங்கள். ராத்திரி பதினொன்று முதல் மூன்று மணிக்குள், முன்பின் தெரியாத தனிநபர் பெயர்களுக்கு 500, 1,000, 2,000 என்று போயிருந்தால் அதுதான் அடையாளம். பையனை அடிக்காதீர்கள், ஊர் முன்னால் அவமானப்படுத்தாதீர்கள். அவமானம் தாங்காமல் விபரீத முடிவுக்குப் போன பிள்ளைகளைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. முகம் வாடி, சாப்பாடு இறங்காமல், தூக்கம் இல்லாமல் இருந்தால் 14416 டெலிமானஸ் எண்ணுக்கோ 104-க்கோ கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம்.

பணம் போயிருந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1930-க்கு அந்த நிமிடமே கூப்பிட்டுச் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் நிறுத்தி வைக்க வழியுண்டு. யுபிஐ பரிவர்த்தனை எண், எந்தப் பெயருக்குப் போனது, டெலிகிராம் உரையாடல் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவமானத்தில் ஆப்பை அழித்துவிடாதீர்கள், சாட்சி அதற்குள்தான் இருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் கொடுக்கும் கணக்கை யுபிஐ-யிலிருந்து இப்போதே கழற்றிவிடுங்கள். அந்தக் கணக்கில் எடுப்பது வங்கிக்குப் போய்ச் சீட்டு எழுதித்தான் என்று இருக்கட்டும்.