வியர்வையும் உடலின் கனியுப்புச் சமநிலையும்

வரிப்பத்தான்சேனை வயல்வெளிகளில் வெயிலில் உழைப்போரின் சட்டை உலருங்கால், அதில் வெண்ணிறக் கோடுகள் படிவதைக் காணலாம். வியர்வையோடு வெளியேறிய உப்பே அது. விளையாட்டுத் திடலில் கடும்பயிற்சி செய்யும் மாணவர்க்கும் இவ்விழப்பு உண்டு. இதனை ஈடுசெய்யக் கனியுப்புக் குளிசைகள் இன்றியமையாதன என்று இளைஞர் சிலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பொருந்துமா என ஆராய்வோம்.

ஒரு லீற்றர் வியர்வையில் ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம் உண்டு. இவ்வளவு ஆளுக்காள் வேறுபடும். பொற்றாசியம் அதனினும் மிகக் குறைவு. இரும்பு, நாகம், செம்பு முதலிய சுவட்டு மூலகங்களோ மிக நுண்ணிய அளவின. ஆதலின், நெடுநேரப் பயிற்சியில் முதற்கண் கருதத்தக்கவை நீரும் உப்புமேயாம்.

எனினும், நீரை அளவுகடந்து அருந்துதலும் தீதே. 2002ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்டன் மரதனில் ஓடியோருள் 488 பேரின் குருதியைச் சோதித்தபோது, நூற்றுக்குப் பதின்மூவரிடம் சோடியம் குறைந்திருந்தது. மிகுதியாக நீர்மம் அருந்தி உடல்நிறை கூடியோரிடமே இக்குறை பெரிதும் காணப்பட்டது. சோடியம் மிகவும் குன்றின் மூளை வீங்கி உயிருக்கே ஊறு நேரலாம். தாகத்திற்கேற்ப அருந்துதலும், பயிற்சியின் பின் உப்பிட்ட கஞ்சி பருகுதலும் நன்று.

இனி, சுவட்டு மூலகங்கள் ஒன்றையொன்று பாதிப்பன. வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு வேண்டிய நாகம் 8 முதல் 11 மில்லிகிராம் வரையே. 50 மில்லிகிராமுக்கு மேல் வாரக்கணக்காக உட்கொண்டால், குடற்கலங்களில் உலோகங்களைப் பற்றும் புரதமொன்று பெருகும். அது செம்பைப் பற்றிக்கொள்ள, அக்கலங்கள் உதிரும்போது செம்பும் உடன் கழியும். செம்பு குன்றின் இரும்பு செவ்வனே பயன்படாது, குருதிச்சோகை தோன்றும். வலிமை நாடி விழுங்கிய குளிசையே வலிமையைக் கெடுக்குமன்றோ?

நெடுந்தூர ஓட்டக்காரரிடத்தும், சிறப்பாக மாணவியரிடத்தும், இரும்புக்குறை ஏற்படுவதுண்டு. ஆயினும், குருதியைச் சோதித்து மருத்துவர் பணித்தாலன்றி இரும்புக் குளிசை கொள்ளலாகாது. மிகையான இரும்பை வெளியேற்றும் தனிவழி உடலில் இல்லை. மீனும் இறைச்சியும் உண்போர் அவற்றாலும், மரக்கறி உண்போர் பயறு, கீரை முதலியவற்றாலும் இரும்பு பெறுவர். மரக்கறி உணவோடு தேசிக்காய்ச் சாறு சேர்ந்தால் இரும்பு நன்கு உறிஞ்சப்படும். உண்டவுடன் வெறுந்தேநீர் அருந்தினால் அது தடைப்படும்.

விளையாட்டணிகளுக்கு உதவ விரும்பும் பழைய மாணவர்கள் குளிசைப் போத்தல்களை வாங்கிக் கொடுத்தல் வேண்டா. பயிற்சி நாட்களில் கஞ்சியும் அவித்த பயறும் கிடைக்கச் செய்வார்களாயின், அதுவே மாணவர்க்கு உறுதி பயக்கும்.