வளைவில் மட்டும் வரும் டக்டக்

நேர்ச்சாலையில் ஒரு சத்தமும் இருக்காது. மெயின் ரோட்டை விட்டுத் தெருவுக்குள் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினால் மட்டும் முன்சக்கரத்துப் பக்கமிருந்து ‘டக் டக் டக்’. வண்டி நேரானதும் நின்றுவிடும். பழைய மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய சத்தம். ஒர்க்‌ஷாப்பில் போய்ச் சொன்னால், பாதி சொல்லி முடிப்பதற்குள் மெக்கானிக்கிடமிருந்து பதில் வந்துவிடும்: “ஆக்சில் போயிட்டு அண்ணாச்சி.”

1983 டிசம்பர் 14 அன்று டெல்லியில், அன்றைய பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800-இன் சாவியை அதை வாங்கிய ஹர்பால் சிங்கிடம் கொடுத்தார். அதுவரை நம் சாலைகளை ஆண்ட அம்பாசடரும் பிரிமியர் பத்மினியும் பின்சக்கரம் தள்ள ஓடியவை. 800 அப்படியல்ல, முன்சக்கரம் இழுக்க ஓடுவது. 2010-இல் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் அதன் விற்பனை நின்றது. 2014 ஜனவரியில் உற்பத்தியும் நின்றது. அதே ஆண்டு மே மாதம் அம்பாசடர் தொழிற்சாலையும் மூடிக்கொண்டது. வண்டிகள் மட்டும் நிற்கவில்லை.

முன்சக்கரத்துக்கு மூன்று வேலை. இழுக்க வேண்டும், திரும்ப வேண்டும், பள்ளம் மேடுகளில் ஏறி இறங்கவும் வேண்டும். கியர்பாக்ஸிலிருந்து சக்தியைக் கொண்டுவரும் தண்டு, அதாவது ஆக்சில், இத்தனைக்கும் வளைந்து கொடுக்க வேண்டும். அம்பாசடரின் அடியில் இருக்கும் ‘கிராஸ்’ ஜாயிண்டை அங்கே மாட்டினால் சரிவராது. முப்பது டிகிரி வளைந்தால், ஒரு சுற்றுக்குள்ளேயே இருமுறை வேகம் ஏறி இறங்கும். 13 சதவீதம் குறைந்தும் 15 சதவீதம் கூடியும் சுழலும். ஓட்டுபவர் கையில் ஸ்டியரிங் உதறிக்கொண்டே இருக்கும். 1920-களில் ஃபோர்டு நிறுவன எஞ்சினியர் ஆல்ஃபிரட் ஜெப்பா இதற்கு வழி கண்டார். கிண்ணம் போன்ற உறைக்குள் ஆறு எஃகுக் குண்டுகள், அவை ஓடுவதற்குப் பள்ளங்கள், குண்டுகளைப் பிடித்துவைக்க ஒரு கூடு. தண்டு எவ்வளவு வளைந்தாலும் குண்டுகள் அந்தக் கோணத்தின் நட்டநடுவிலேயே நிற்பதால் வேகம் மாறாது. 1959-இல் பிரிட்டனின் மினி இந்த ஜாயிண்டோடு வந்தது. அதற்குப் பிறகு சின்னக் கார்களுக்கு இதுவே வழக்கமாயிற்று.

இத்தனை நுட்பத்தையும் காத்து நிற்பது ஒரு ரப்பர் உறை. ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும், பெயர் பூட். உள்ளே கறுப்பு கிரீஸ், வெளியே ஊர்ப் புழுதி. வயதாகி, வெயிலில் காய்ந்து, ஒரு மடிப்பில் கீறல் விட்டால் போதும். சக்கரம் சுழலும் வேகத்தில் கிரீஸ் வெளியே சிதறும். அந்த வழியாகவே தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும். வண்டி அப்போதும் சத்தம் போடாது. குண்டுகள் பள்ளத்தைத் தின்று முடித்த பிறகுதான் டக்டக் கேட்கும்.

தூத்துக்குடி மாவட்டத்து ஓட்டப்பிடாரம், பசுவந்தனை, புதியம்புத்தூர் வட்டாரத்துக் கரிசல் மண் இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் அடிக்கிறது. கோடையில் வெடித்துப் பொடியாகி மாவாகப் பறக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காட்டுப் பாதையில் இறங்கினால் சக்கரத்தில் அப்பிக்கொண்டு விடாது. பூட்டின் மடிப்புகளுக்குள் புகுந்து காய்ந்தால் கட்டியாகி, சக்கரம் திரும்பும்போதெல்லாம் ரப்பரை அறுக்கும். ரிம்மின் உட்புறத்தில் ஒரே பக்கமாக அப்பிய மண் காய்ந்துவிட்டால் வேறொரு கூத்தும் நடக்கும். சக்கரத்தின் பாரம் ஒரு பக்கம் சாய்ந்து, வேகமெடுத்ததும் வண்டி நடுங்கும். அதை ஆக்சில் கோளாறு என்று நினைத்து ஒர்க்‌ஷாப்புக்கு ஓடுவதற்கு முன், ஒரு குச்சியும் ஒரு குடம் தண்ணீரும் கொண்டு ரிம்மைச் சுத்தம் செய்து பார்ப்பது லாபம்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை, காலி மைதானம் போதும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து மெதுவாக வட்டம் போட வேண்டும், பிறகு மறுபக்கம். இடதுபக்கம் திரும்பும்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலது ஆக்சிலின் சக்கரத்துப் பக்கத்து வெளி ஜாயிண்ட். வலதுபக்கம் என்றால் இடது. நேர்ச்சாலையில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் வண்டி முழுக்க அதிர்ந்தால் கியர்பாக்ஸ் பக்கத்து உள் ஜாயிண்டைச் சந்தேகிக்கலாம். வேகம் கூடக் கூட ‘ஊய்ங்’ என்ற இரைச்சலும் கூடினால், அது வீல் பேரிங் விவகாரம்.

வேலையை ஒர்க்‌ஷாப்பில் விட்டாலும் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. ஆக்சில் முனை நட்டை, வண்டி தரையில் நிற்கும்போதே பிரேக்கை மிதித்துக்கொண்டு தளர்த்துவார்கள். தூக்கிய பிறகு அது அசையாது. கரிசல் தரையில் ஜாக்கி இறங்கிவிடும் என்பதால் அடியில் பலகைக் கட்டை வேண்டும், பாதுகாப்புக்குத் தனி ஸ்டாண்டும் வேண்டும். ஆக்சிலை உருவினால் கியர் ஆயில் கொட்டும். திரும்ப நிரப்பினார்களா என்று பார்க்க வேண்டும். பூட்டைக் கிழித்து, கிரீஸைத் துடைத்து, குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்ததும் பள்ளத்தை நகத்தால் வருடினால் விஷயம் தெரிந்துவிடும். வழுக்கிக்கொண்டு போனால் ஜாயிண்ட் நன்றாக இருக்கிறது. நகம் தட்டினால் அதன் கதை முடிந்தது.

அங்கேதான் பலரும் பணத்தைத் தொலைக்கிறார்கள். தேய்ந்த ஜாயிண்டுக்குப் புது பூட்டும் புது கிரீஸும் போட்டால் சத்தம் கொஞ்ச நாள் அமுங்கும், அவ்வளவுதான். சத்தம் வருமுன், கிழிசல் தெரிந்த அன்றே மாற்றினால் சில நூறு ரூபாயோடு போயிருக்கும். பழைய கைகளிடம் ஒரு வித்தையும் உண்டு. இரு பக்கத்து வெளி ஜாயிண்டும் ஒரே அளவாக இருந்தால் இடம் மாற்றிப் போடுவார்கள். குண்டுகள் பள்ளத்தின் தேயாத பக்கத்தில் ஓடத் தொடங்கும். வண்டியை இன்னும் சில மாதம் ஓட்டிவிட்டு விற்க நினைப்பவருக்கு அது போதும். குடும்பத்தோடு தூரப் பயணம் போகிறவர் புது ஜாயிண்ட் வாங்கிவிடுவதே நல்லது.

புதிதாகப் போடும் கிரீஸ் மாலிப்டினம் டைசல்பைடு கலந்த கறுப்பு ரகமாக இருக்க வேண்டும். கையில் கிடைத்த மஞ்சள் கிரீஸை அப்புவது வேண்டாம். கிளாம்பை இறுக்குமுன் பூட்டின் உதட்டைச் சற்றுத் தூக்கி உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றுவது நல்ல மெக்கானிக்கின் அடையாளம். இல்லாவிட்டால் பூட் உப்பிக்கொண்டு மறுபடி உரசும்.

அம்பாசடர், ஆம்னி, டாட்டா ஏஸ் போன்ற பின்சக்கர வண்டிகளில் சத்தம் வேறு மாதிரி. கிளட்சை விடும்போது அடியிலிருந்து ‘டங்’ என்று ஒன்று கேட்கும். புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். மூடியைக் கழற்றினால் ஊசி பேரிங்குகள் செங்கல்பொடி நிறத்தில் துருவாக உதிரும். இங்கே முக்கியமான காரியம் கழற்றுமுன் பெயிண்டால் ஒரு அடையாளம் போடுவது. ஷாஃப்ட்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருந்தால்தான் ஒரு கிராஸ் செய்யும் வேக ஏற்ற இறக்கத்தை மற்றது ஈடுகட்டும். மாற்றி மாட்டினால் புது கிராஸோடு புது நடுக்கமும் சேர்ந்து வரும். கிரீஸ் நிப்பிள் உள்ள கிராஸாக இருந்தால் மழைக்காலம் முடிந்ததும் பழைய கிரீஸ் நான்கு மூடி வழியாகவும் பிதுங்கும்வரை கிரீஸ் கன்னை அழுத்த வேண்டும். ஒரு மூடியில் மட்டும் வரவில்லையென்றால், அடுத்து காயப்போவது அதுதான்.