நமது மாவட்டத்தை அறிவோம்: கோல சிலாங்கூர்

நான்காம் வகுப்பு மாணவன் ஒருவனிடம், "தம்பி, உன் முக்கிம் எது?" என்று கேட்டேன். "ரெண்டாம் லயம், ஐயா" என்றான். வகுப்பே சிரித்தது. ஆனால், அன்று மாலை பள்ளிப் படிவம் நிரப்ப வந்த அவன் தந்தையாரும் அதே கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். எனவே, நாம் வாழும் கோல சிலாங்கூர் மாவட்டத்தைப் பற்றி இன்று பேசலாம் என்று எண்ணினேன்.

சிலாங்கூர் மாநிலத்தின் மேற்குக் கரையில் நம் மாவட்டம் இருக்கிறது. மேற்கே மலாக்கா நீரிணை. வடக்கே சபாக் பெர்ணாம். கிழக்கே உலு சிலாங்கூரும் கோம்பாக்கும். தெற்கே கிள்ளானும் பெட்டாலிங்கும். பரப்பளவு ஏறத்தாழ 1,200 சதுர கிலோமீட்டர். மாவட்டம் ஒன்பது முக்கிம்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஈஜோக், ஜெராம், பத்தாங் பெர்ஜுந்தை, தஞ்சோங் காராங் ஆகியவை அவற்றுள் சில. பத்தாங் பெர்ஜுந்தை பட்டணம் 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று அழைக்கப்படுகிறது.

இம்மாவட்டத்தின் உயிர்நாடி சிலாங்கூர் ஆறு. பிரேசர் மலைப் பக்கம் பிறந்து, சுமார் 110 கிலோமீட்டர் ஓடி, கோல சிலாங்கூரில் கடலில் கலக்கிறது. பெஸ்தாரி ஜெயா பக்கம் இந்த ஆற்று நீரைச் சுத்திகரித்துத் தலைநகர்வரை அனுப்புகிறார்கள். கடலுக்கு அருகே, கம்போங் குவாந்தானில், கரையோர பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டமாக ஒளிர்கின்றன.

மண்ணைப் பொறுத்தே மக்களின் தொழில் அமைந்தது. தஞ்சோங் காராங்கின் தாழ்ந்த நிலத்துக்குப் பெர்ணாம் ஆற்று நீர் தெங்கி ஆற்றின் வழியாக வருவதால் அங்கே நெல் விளைகிறது. கரையோரத்தில் மீன்பிடித் தொழில். உள்நாட்டில் முன்பு ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. நம் பாட்டன்மார் குடியேறியது இந்த உள்நாட்டுத் தோட்டங்களில்தான். பத்தாங் பெர்ஜுந்தையில் ஈயமும் எடுத்தார்கள். 1985-இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தபின் அத்தொழில் நலிந்தது. தோண்டிய இடங்கள் இன்று குளங்களாகக் கிடக்கின்றன.

இனி மக்கள்தொகை. 2010-இல் ஏறத்தாழ 2 லட்சம் பேர். 2020 கணக்கெடுப்பில் 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல். சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 230 பேர் என்று வகுத்துச் சொல்லலாம். ஆனால் இந்தச் சராசரி நம்மை ஏமாற்றிவிடும். தெற்கே புஞ்சாக் ஆலாமில் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. சதுப்புக் காட்டிலோ ஆளே இல்லை. மொத்தத் தொகை கூடியபோதே பல தோட்டங்களில் லயங்கள் காலியாயின. தோட்டம் கைமாறியதும், பிள்ளைகள் தொழிற்சாலை வேலைக்குப் போனதும் அதற்குக் காரணங்கள். மக்கள் பட்டணத்துக்குப் போனார்கள். தமிழ்ப்பள்ளியோ பல இடங்களில் தோட்டத்திலேயே நின்றுவிட்டது.

இந்தக் கணக்கு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். கிளினிக், பள்ளிக்கூடம், சாலை ஆகியவற்றைத் திட்டமிடுபவர்கள் எந்த இடத்தில் எத்தனை பேர் என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். வீடு மாறிய பின்னும் அடையாளக் கார்டில் பழைய தோட்ட முகவரியே இருந்தால், வாக்குரிமையும் பழைய இடத்திலேயே தங்கிவிடும். முகவரி மாறினால் 30 நாளுக்குள் பதிவிலாகாவில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். கணக்கெடுப்பாளர் வீடு தேடி வந்தால், "அப்பா இல்லை" என்று கதவைச் சாத்தாமல், வீட்டில் இருக்கும் அத்தனை பேரையும் சொல்லுங்கள். தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் ஒரு தலைதான்.

பெற்றோர்களே, இன்றிரவு பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தில் வீட்டு முகவரி, முக்கிம், மாவட்டம், மாநிலம் ஆகிய நான்கையும் எழுதி வையுங்கள். உங்கள் அடையாளக் கார்டையும் எடுத்து, முகவரி சரிதானா என்று அவனையே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.