யப்பானியரின் ‘கஞ்சி’: ஈராயிரம் எழுத்தை நினைவில் இருத்துவது எப்படி?

‘கஞ்சி’ என்றதும் நமக்கு நினைவில் எழுவது அடுப்பிற் கொதிக்கும் கஞ்சியே. யப்பானியருக்கோ அச்சொல், ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் சீனத்திலிருந்து தம் நாட்டை அடைந்த எழுத்துக்களைக் குறிக்கும். இரகனா, கதகனா என்னும் ஒலியெழுத்து வரிசைகளும் அவர்களிடம் உள்ளன. வரிசைக்கு 46 அடிப்படை எழுத்துக்களே ஆதலின், சில வாரங்களில் அவற்றைக் கற்றுவிடலாம். ஆனால், அன்றாட வழக்குக்கென 2010ஆம் ஆண்டில் அந்நாட்டரசு திருத்தியமைத்த பட்டியலில் 2136 கஞ்சி எழுத்துக்கள் உள்ளன. யப்பானியச் சிறுவர் முதலாம் வகுப்பில் 80 எழுத்துக்களைக் கற்கின்றனர். ஆரம்பப் பாடசாலையின் ஆறு ஆண்டுகளில் அத்தொகை 1026 ஆகின்றது.

இது பொழுதுபோக்குக்கான கல்வி மாத்திரமன்று. பலருக்குப் பிழைப்பே இதில் தங்கியுள்ளது. 2008ஆம் ஆண்டு முதல் இந்தோனீசியாவிலிருந்தும், அடுத்த ஆண்டு முதல் பிலிப்பைன்சிலிருந்தும் தாதியர் யப்பானுக்குச் சென்றனர். 2009இல் அந்நாட்டுத் தாதியர் பரீட்சைக்குத் தோற்றிய அத்தகையோர் 82 பேரில் ஒருவரேனும் சித்தியடையவில்லை. 2010இல் 254 பேரில் மூவரே சித்தியடைந்தனர். அவர்கள் தொழில் அறியாதவரல்லர். படுக்கைப்புண் என்னும் எளிய பொருளைத்தானும் கடினமான கஞ்சியில் வாசிக்க வேண்டியிருந்தமை பெருந்தடையாயிற்று. 2013இல், எழுத்துக்களுக்கு ஒலிப்பைச் சிற்றெழுத்திற் காட்டவும், நேரத்தை நீட்டவும் அதிகாரிகள் இசைந்தனர். 2019இல் இலங்கையும் யப்பானும் தொழிலாளர் தொடர்பாக ஒப்பந்தம் செய்தமையால், இப்பாடம் நம்மவருக்கும் உரியதே.

உறுப்புக்களை அறிக

கஞ்சி எழுத்து கோடுகளின் குழப்பமன்று, உறுப்புக்களால் அமைந்தது. சீனத்தில் 1716இல் வெளிவந்த காங்சி அகராதி எழுத்துக்களை 214 உறுப்புக்களின் கீழ் வகுத்தது. மரத்தைக் குறிக்கும் எழுத்தை இருமுறை எழுதினால் தோப்பு. மும்முறை எழுதினால் காடு. மனிதன் மரத்தருகே நின்றால் ஓய்வு. ஞாயிறும் திங்களும் சேர்ந்தால் ஒளி. சில எழுத்துக்களில் ஓருறுப்புப் பொருளையும் மற்றொன்று ஒலியையும் காட்டும். நீலத்தைக் குறிக்கும் உறுப்பு ‘செய்’ என ஒலிக்கும். அதனோடு நீர் சேர்ந்தால் தூய்மை, ஞாயிறு சேர்ந்தால் வானம் வெளித்தல். இரண்டிலும் ‘செய்’ என்னும் ஒலி உண்டு.

கதை கட்டுக

வயலும் வலிமையும் சேர்ந்து ஆண்மகனைக் குறிக்கும். வயலில் உழைப்பவனை மனக்கண்ணிற் கண்டால் அவ்வெழுத்து மறவாது. உறுப்புக்களைக் கொண்டு இவ்வாறு கதை புனையும் முறையை 1977இல் நூலாக்கியவர் ஜேம்ஸ் ஹைசிக் என்னும் அமெரிக்கர். ஆனால் அவரது முதற்பகுதி பொருளையே கற்பிக்கின்றது. ஒலிப்பைப் பின்னரே கற்க வேண்டும்.

சொல்லோடு கற்க

ஓரெழுத்துக்குப் பல ஒலிப்புக்கள் உண்டு. மலையைக் குறிக்கும் எழுத்துத் தனித்து நின்றால் ‘யாமா’. பூஜி மலையின் பெயரிலோ ‘சன்’. இவற்றைத் தனித்தனியே மனனஞ் செய்தல் வீண் சிரமம். சொற்களாகக் கற்பதே நன்று. நெருப்பும் மலையும் இணைந்து ‘கஸன்’ ஆகும். அதன் பொருள் யாதென எண்ணுகிறீர்கள்? எரிமலையே! நம் சொல்லும் அவ்வாறே அமைந்ததன்றோ?

கையும் பெட்டியும்

மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்னும் ஒழுங்கில் எழுதிப் பழகுக. யப்பானியச் சிறுவர் காற்றில் விரலால் எழுதியும் பழகுவர். ஆயினும், ஓரெழுத்தை ஒரே நாளில் நூறு முறை எழுதுவதினும், நாள் இடைவிட்டுச் சில முறை நினைவுகூர்தல் பயன் மிகும். கற்றது விரைவில் நழுவுவதை ஜெர்மானிய அறிஞர் எபிங்கவுஸ் 1885இலேயே அளந்து காட்டினார். 1972இல் செபாஸ்தியன் லைட்னர் என்பார் எளிய வழியொன்றைக் கூறினார். அட்டையின் ஒருபுறம் எழுத்தையும் மறுபுறம் பொருளையும் எழுதுக. விடை சரியானால் அட்டையை அடுத்த அறைக்கு மாற்றுக. அதனை நாட்கழித்துப் பார்த்தாற் போதும். தவறினால் அது முதலறைக்கே மீளும். பழைய சப்பாத்துப் பெட்டி ஒன்று இதற்குப் போதுமானது. இன்று கைத்தொலைபேசியும் இவ்வேலையைச் செய்கின்றது.

நாளொன்றுக்கு ஆறெழுத்துக் கற்பவர் 2136 எழுத்துக்களையும் 356 நாட்களில் ஒருமுறை கண்டுவிடுவர். ஆறு என்பது சிறு தொகையே. ஆனால் ஒரு நாளும் தவறக்கூடாது. எறும்பூரக் கல்லும் தேயுமன்றோ?